நாள் முழுக்க மணல் சலிக்கிற கோபி மீன் ஏன் மெலியுது?

தெஹிவளையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "அண்ணா, கடல் மீன் தொட்டிக்கு டயமண்ட் கோபி ஒண்டு வாங்கி ஒரு மாசம், விடிஞ்சதில இருந்து மணல்தான் சாப்பிடுது, ஆனா வயிறு ஒட்டிப் போச்சு, என்ன செய்ய?"

தங்கச்சி, அது மணல் சாப்பிடேல்ல. மணலை வாயில அள்ளி செவுளால வெளிய விட்டு, அதுக்குள்ள இருக்கிற சின்னப் புழு, கோப்பிபொட் எண்ட பொடி இறால் மாதிரி உயிர், இதுகளைத்தான் வடிச்சு எடுக்குது. கடல்ல எண்டா பெரிய மணல் வெளியில திரிஞ்சு மேயிற மீன், உங்கட தொட்டி மணல்ல இருந்ததை கொஞ்ச நாளிலயே முடிச்சிருக்கும், இப்ப வெறும் கோப்பையத்தான் வழிச்சுக்கொண்டு இருக்கு. "மணலை கிளீன் பண்ணும், சாப்பாடு போடத் தேவையில்ல" எண்டு சொல்லி விக்கிறாங்கள், அத நம்பித்தான் என்ட முதல் கோபியும் செத்தது, அதால சொல்றன், இண்டைக்கே சாப்பாடு போடத் தொடங்குங்கோ.

ஒரு நாளைக்கு 3, 4 தரம், கொஞ்சம் கொஞ்சமா. ஃப்ரோசன் மைசிஸ் (உறைய வைச்ச சின்ன இறால் மாதிரி மீன் சாப்பாடு) கிடைச்சா நல்லம், இல்லாட்டி சந்தையில பச்சை இறால் வாங்கி உப்பு, மசாலா ஒண்டும் இல்லாம பொடியா வெட்டிப் போடலாம், காஞ்ச கூனி வேண்டாம். பம்ப்பை 10 நிமிசம் நிப்பாட்டிட்டு ஒரு நீளக் குழாயால அதிண்ட பொந்து வாசல்லயே விடுங்கோ, மேல தூவினா மற்ற மீன்கள் முந்திடும், இது கீழ பாத்துக்கொண்டு நிக்கும். சாப்பாடு கூடினா தண்ணி கெதியாப் பழுதாகும், கிழமைக்கு ஒருக்கா கொஞ்சம் மாத்துங்கோ. அதுக்கு வெள்ளவத்தை, தெஹிவளை கரையில மழைக்குப் பிறகு தண்ணி அள்ளாதீங்கோ, கால்வாய்த் தண்ணி வந்து விழுற இடம், உப்பும் குறைஞ்சிருக்கும், சல்ட் மிக்ஸ் (கடல் தொட்டிக்கெண்டு விக்கிற உப்புத்தூள்) கரைச்சு, உப்பின்ட ஒப்படர்த்தியை 1.025 அளவில வைக்கிறதுதான் நிம்மதி.

மணல் சீனி மாதிரி நைசா 2, 3 அங்குலம் இருக்கோணும், கரடான சல்லிய அதால சலிக்க ஏலாது, வாயும் காயப்படும். கல்லுகளை மணலுக்கு மேல வைச்சிருந்தா எடுத்து அடிக் கண்ணாடியிலயே இருத்துங்கோ, கீழ தோண்டித் தோண்டி கல்லு சரிஞ்சு அதுவே நசிஞ்சு போகும். கோரல் (பவளம்) கீழ இருந்தா மணல் கொட்டி மூடிப்போடும், அது அதிண்ட சுபாவம், கோரலைத்தான் மேல தூக்கோணும்.

மூண்டு கிழமை நல்லாச் சாப்பிட்டும் வயிறு நிரம்பாம, கழிவு வெள்ளை நூல் மாதிரிப் போனா குடல்ல ஒட்டுண்ணி இருக்கலாம், நாடாப்புழு மாதிரிப் புழு எண்டா வேற தொட்டியில வைச்சு பிரசிக்வான்டல் எண்ட புழு மருந்தை சாப்பாட்டில கலந்து குடுக்கிறது வழக்கம், அளவை மருந்து டப்பாவில பாத்து இல்லாட்டி மீன் வைத்தியம் தெரிஞ்ச ஆளிட்டக் கேட்டுச் செய்யுங்கோ.

ஓ, மூடி இருக்கோ எண்டு நீங்க எழுதேல்ல. இந்த மீன் ராவில வெருண்டா பாயும், காலமை நிலத்தில காஞ்சு கிடக்கும், கண்ணாடி மூடினா கொழும்பு வெக்கையில தண்ணி சுடும், அதால நுளம்பு வலையை ஃப்ரேம்ல இறுக்கிக் கட்டிப் போடுங்கோ.