ராத்திரி நிறைத்த குளம் விடிவதற்குள் பாதி: பொடக்காளிக் குளத்தில் தண்ணீரை நிறுத்துவது எப்படி?

கேள்வி: ஊதியூர் பக்கம் எங்கள் தோட்டம். சாளைக்குப் பின்னால், பொடக்காளியில் (தோட்டத்து வீட்டின் கொல்லைப்புறத்தில்) நானும் வீட்டுக்காரரும் ஆள் வைக்காமல் நாங்களே ஒரு சின்னக் குளம் வெட்டினோமுங்க. 10 அடி நீளம், 8 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். போர் தண்ணீரை ராத்திரி நிறைத்தால் விடிகாலையில் பாதிதான் இருக்கிறது. சாயங்காலம் வெறும் சேறு. சிமெண்ட் பூசினால் நின்றுவிடும் என்கிறார் கொத்தனார். பூசலாமுங்களா? அல்லி வைக்கவும் மீன் விடவும் ஆசை. நான்கு வாத்தும் வைத்திருக்கிறோம். பையனுக்கு மூன்று வயது.

பதில்: அம்மிணி, முதலில் பையனைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மூன்று வயதுக் குழந்தைக்கு அரை அடித் தண்ணீரே ஆபத்து. சத்தமே வராது, நாம் கட்டுத்தறியில் பால் கறந்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். குளத்தைச் சுற்றி நான்கு அடி உயரத்துக்குக் கம்பி வலை, பையனுக்கு எட்டாத உயரத்தில் கொண்டி வைத்த கதவு, இரண்டும் போட்ட பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். இப்போது வெறும் குழிதானே என்றும் விட்டுவிடாதீர்கள், ஒரு மழைக்கு நிறைந்துவிடும். இன்றைக்கே மேலே பலகையோ தகரமோ போட்டு, நகராதபடி கல் வைத்துவிடுங்கள்.

சரி, தண்ணீர் எங்கே போகிறது? ஆவியாகிப் போகவில்லை. சித்திரை வெயிலிலேயே நம் பக்கம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6, 7 மில்லிமீட்டர்தான் வற்றும். உங்கள் குளத்தின் பரப்புக்கு அது ஏறக்குறைய 50 லிட்டர், அதாவது மூன்று குடம். ஒரே ராத்திரியில் பாதிக் குளம் காலியாகிறது என்றால் மண் குடிக்கிறது என்று அர்த்தம். ஊதியூர், காங்கேயம் பக்கத்துச் செம்மண் மேலே இறுகித் தெரிந்தாலும் சரளை கலந்தது. ஒன்றரை, இரண்டு அடிக்குக் கீழே பல இடங்களில் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) வந்துவிடும். குழியின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி தெரிகிறதா பாருங்கள். அந்தக் கட்டிகளின் சந்து வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

சிமெண்ட் பூச வேண்டாம். வெறும் மண்மேல் ஒரு அங்குலப் பூச்சு பூசினால், தண்ணீரின் பாரத்தில் அடிமண் எங்காவது கொஞ்சம் அமுங்கும், பூச்சு மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக இறங்கும் நீர் அடிமண்ணை இன்னும் இளக்கிவிடும். கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டால் நிற்கும், ஆனால் செலவு பல மடங்கு. புதுச் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பும் மீனுக்கு ஆகாது. வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகுதான் மீன் விட முடியும்.

குளத்து வண்டலை அரை அடி கனத்துக்கு இட்டு மிதித்து இறுக்குவது நம் பழைய முறை. எனக்குப் பிடித்ததும் அதுதான். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கி, உங்கள் குழிக்கு ஒரு டிராக்டர் லோடு எடுத்தால் போதும். ஆனால் அந்தக் களிமண் ஒரு முறை காய்ந்து வெடித்துவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து மிதிக்க வேண்டும். கோடையில் போர் திணறும் ஊரில் அதை எப்போதும் ஈரமாக வைத்திருப்பது கஷ்டம். அதனால் உங்களுக்கு நான் சொல்வது பிளாஸ்டிக் தாள்தான். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் தாள் கிடைத்தால் நல்லது.

அளவு இப்படிப் போடுங்கள். நீளம் 10, ஆழத்தின் இரு மடங்கு 5, இரண்டு பக்கமும் ஓரம் மடிக்க 2. மொத்தம் 17 அடி. அகலத்துக்கும் அதே கணக்கில் 15 அடி.

விரிக்கும் முன் செய்யும் வேலைதான் குளத்தின் ஆயுள். பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் சரித்துவிடுங்கள். ஓர் அடி ஆழத்துக்கு முக்கால் அடி உள்ளே வரட்டும். ஒரு பக்கம் முக்கால் அடி ஆழத்தில் ஓர் அடி அகலத்துக்குப் படி விடுங்கள், செடித் தொட்டி வைக்க உதவும். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் குழி முழுக்க மெதுவாக நடந்து பாருங்கள். காலில் குத்துகிற கல்லும் வேரும் முள்ளும் தாளிலும் குத்தும். பொறுக்கி எடுத்துவிட்டு, இரண்டு அங்குலம் சலித்த மணல், அதன்மேல் பழைய சாக்கு, அதன்மேல் தாள்.

இதைவிட முக்கியம் விளிம்பு மட்டம். நான் முதன்முதலில் வெட்டிய குளத்தில் கண்ணால் பார்த்தே மட்டம் பிடித்தேன். தண்ணீர் நிறைந்த பிறகு பார்த்தால் ஒரு கரை வழிகிறது, எதிர்க்கரையில் மூன்று அங்குலத் தாள் வெளியே தெரிகிறது. வெயில் பட்ட அந்த இடம் இரண்டாவது கோடையில் அப்பளம் மாதிரி உடைந்துபோனது. கொத்தனாரிடம் டியூப் மட்டம் இருக்கும், வாங்கி நான்கு மூலையும் பாருங்கள். நம் ஊருக்குப் பெருமழை ஐப்பசியில்தான், அதனால் புரட்டாசிக்குள் முடிப்பது நல்லது.

தண்ணீர் பாதி ஏறும்வரை ஓரத்தைக் கட்டாமல் விடுங்கள், பாரத்தில் தாள் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். முழுக்க நிறைந்த பிறகு, சுற்றிலும் அரை அடி பள்ளம் பறித்து ஓரத்தைப் புதைத்து, காட்டுக்கல்லை அடுக்கி மூடுங்கள். விளிம்பு தரையைவிட மூன்று அங்குலம் உயரமாக இருக்கட்டும். கட்டுத்தறிக் கழிவு மழையோடு குளத்துக்குள் வந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும். வழிகிற தண்ணீர் வாழைக்குப் போகும்படி ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் தாழ்த்துங்கள்.

வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் நிலத்தடி ஊற்று மேலே ஏறுகிற இடமாக இருந்தால், அடியில் ஊறும் நீர் தாளை உப்பித் தூக்கிவிடும். அங்கே தாள் வேண்டாம், வண்டலே போதும்.

உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். வருடம் ஆக ஆகக் கடுத்துக்கொண்டே போகும். சாளைக் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துக் குளத்துக்குத் திருப்புங்கள். 400 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் 900 லிட்டர் வரை கிடைக்கும்.

அல்லிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். குளப்பரப்பில் பாதி இலையால் மூடினால் பாசி அடங்கும். ஆகாயத்தாமரையை ஒரு செடிகூட உள்ளே விடாதீர்கள், கோவைக் குளங்களை அது மூடிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொசு முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். அதனால் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாளிலேயே இருபது கப்பி மீன் விடுங்கள். கிணற்றிலோ ஓடையிலோ அவற்றை விட வேண்டாம். ஜிலேபிக் கெண்டை இந்தக் குளத்துக்கு வேண்டாம், பெருகித் தள்ளிவிடும்.

வாத்துக்கு இது ஆகாது. மூவாயிரம் லிட்டர் தண்ணீரை நான்கு வாத்து ஒரு வாரத்தில் கலக்கி நாறடித்துவிடும், அல்லியும் மிஞ்சாது. அவற்றுக்கு ஒரு பழைய தொட்டியைத் தென்னை மரத்தடியில் வைத்து, தினமும் தண்ணீரைப் பாத்தியில் கவிழ்த்து மாற்றுங்கள், மரத்துக்கு எருவாகும்.

தாள் வழுக்கும் என்பதால் ஒரு மூலையில் கற்களைப் படி மாதிரி அடுக்கிவிடுங்கள். தவறி விழுகிற அணிலும் ஓணானும் ஏறி வர வழி வேண்டும். தவளை முதல் மழைக்குத் தானாக வரும், அதைத் தேடிப் பாம்பும் வரும். அதனால் வீட்டுச் சுவருக்கும் குளத்துக்கும் நடுவில் விறகோ ஓட்டுக் குவியலோ வைக்காமல், தரை தெரியும்படி கூட்டி வையுங்கள்.