பூங்கா வாசலில் வேகத்தடை: பணம் கொடுக்கும் முன் சாலையை அளந்து பாருங்கள்

கேள்வி: சென்னையில் எங்கள் குடியிருப்பில் மாநகராட்சிப் பூங்கா ஒன்று உள்ளது. அதன் வாசலுக்கு முன்னால் சுமார் 9 மீட்டர் அகலச் சாலை. மாலையில் மெயின் ரோட்டில் நெரிசல் கூடினால் வண்டிகள் எங்கள் தெருவைக் குறுக்குவழியாக்கிக்கொண்டு வேகமாகப் போகின்றன. சென்ற மாதம் நடைப்பயிற்சி முடித்து வெளியே வந்த முதியவரை ஒரு பைக் இடித்துவிட்டது. ரப்பர் வேகத்தடை பதித்து அனுமதியும் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒருவர், எங்கள் நலச்சங்கத்திடம் 35,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தச் சாலை மாநகராட்சியுடையது. அதன் மேல் ஓர் ஆணியை அடிக்கக்கூட உங்கள் சங்கத்துக்கோ அந்த மனிதருக்கோ உரிமை கிடையாது. வேகத்தடை கேட்டு மனு கொடுப்பதற்குக் கட்டணமும் கிடையாது. ‘மனுவை மேலே நகர்த்திவிடுகிறேன்’ என்று சொல்பவரிடம், அனுமதி ஆணையின் எண்ணையும் தேதியையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அத்துடன் பேச்சு முடிந்துவிடும். இப்படிப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவில் நான்கு ஆட்களுடன் வந்து பதித்துவிட்டுப் போவார்கள். ஒரு மாதம் கழித்து அதில் தடுக்கி யாராவது கீழே விழுந்தால் அவர்களுடைய தொலைபேசி எடுக்கப்படாது, ஆனால் பணம் கொடுத்ததற்கான பதிவு உங்கள் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர்களும் நீங்களாகவே இருப்பீர்கள்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து அந்தத் தடையிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்கா வாசலில் குடியிருப்போர் சொந்தச் செலவில் பதித்த ரப்பர் தடையை அளவு நாடா வைத்து அளந்து பார்த்தேன். அகலம் 35 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர். தடையின் முனைக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு அடி இடைவெளி விடப்பட்டிருந்தது. நான் நின்றிருந்த அரை மணி நேரமும் பைக்குகள் வேகம் குறையாமல் அந்த இடைவெளிக்குள்தான் புகுந்து போயின. கையில் காய்கறிப் பையுடன் சாலையைக் கடக்கக் காத்திருந்த ஒரு பாட்டி நின்றதும் அதே இடைவெளியில்தான். நாட்டின் சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை இத்தகையது அன்று. அது வண்டி வரும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் குலுங்காமல் கடந்துவிடுவார், அதைவிட வேகமாக வருபவருக்கு மட்டுமே உறைக்கும். ஒடுங்கிய தடையோ மெதுவாக வருபவரையும் தூக்கிப் போடும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் ஒருக்களித்து அமர்ந்து வரும் பெண்ணுக்கு அந்த ஒரு குலுக்கல் போதும். ரப்பர் பெயர்ந்துபோன பிறகு தாரில் துருத்திக்கொண்டு நிற்கும் போல்ட்டுகளைப் பிடுங்க எவரும் வருவதில்லை.

உங்கள் தெருவுக்குத் தேவை, வண்டிகள் 30 கிலோமீட்டருக்குள் வருவதுதான். ஓட்டுநருக்குச் சுதாரிக்க ஒரு விநாடி ஆகும் என்று கொண்டால், 30-ல் வரும் வண்டி காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வருவதற்கு ஏறத்தாழ 28 மீட்டர் வேண்டும். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை 15 மீட்டர் முன்னால் ஓடி வந்தால் முதல் வண்டி நின்றிருக்கும், இரண்டாவது வண்டி அப்போதுதான் பிரேக்கைத் தொட்டிருக்கும். சென்னைக் குடியிருப்புத் தெருக்களில் 30 தான் வரம்பு என்று போக்குவரத்துக் காவல்துறை 2023-லேயே அறிவித்துவிட்டது. ஆனால் 9 மீட்டர் அகலத்துக்குத் தங்குதடையின்றி விரிந்து கிடக்கும் தார்ச்சாலை, ‘வேகமாகப் போ’ என்றே ஓட்டுநரிடம் சொல்கிறது. பலகை சொல்வதை விட்டுவிட்டுச் சாலை சொல்வதையே அவர் கேட்கிறார்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது சாலையின் வடிவத்தில் மாற்றம். பூங்கா வாசலுக்கு நேரே, நடைபாதையின் மட்டத்துக்குச் சாலையை உயர்த்தி, இரு பக்கமும் சரிவு கொடுத்து, மேலே 3 மீட்டருக்குக் குறையாத அகலத்தில் வரிக்கோடுகள் தீட்டிய கடவை, அதாவது நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடம், அமைக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் மட்டும் இருபுற நடைபாதையும் ஒன்றரை மீட்டர் சாலைக்குள் நீண்டு வரட்டும். 9 மீட்டர் 6 மீட்டராகும். கடப்பவர் சாலையில் இருக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஓட்டுநருக்கும் வழி ஒடுங்குவது கண்ணில் படும். வாசலை மறைத்துக் கார் நிறுத்தவும் இடமிராது. வெறும் வரிக்கோடுகளை மட்டும் தீட்டிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் கோட்டைப் பார்த்து வண்டி நிற்பதில்லை, கோட்டை நம்பி இறங்குபவர்தான் அடிபடுகிறார். மழைநீரை மட்டும் மறந்துவிடாதீர்கள்: உயர்த்திய கடவை நீரோட்டத்துக்கு அணைபோல நிற்கும் என்பதால், மேட்டுப் பக்கத்தில் வடிகால் வாய் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே தேங்கிய நீரைக் காட்டி அதை இடித்துவிடுவார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் தடுமாறுவது இங்கேதான் என்பதால் விரித்துச் சொல்கிறேன். உங்கள் தெருவில் பேருந்து ஓடுகிறதா? பெரிய பேருந்து ஓடாவிட்டாலும், உட்புறச் சாலைகளில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சிற்றுந்து ஓடக்கூடும். அப்படி ஓடினால் மேலே சொன்ன உயர்த்திய கடவை மேடு பொருந்தாமல் போகலாம். பேருந்தின் பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் நீண்டிருப்பதால், கடைசி இருக்கையில் இருப்பவரை மேடு தூக்கிப் போடும்; நின்றுகொண்டு வருபவர்கள் பிடி நழுவி விழுவார்கள். அத்தகைய சாலையில் நடுவே ஒன்றரை மீட்டர் அகலத்தில் திட்டு ஒன்றைக் கேளுங்கள். 9 மீட்டரில் அது போக ஒவ்வொரு பக்கமும் 3.75 மீட்டர் மிஞ்சும், ஏறத்தாழ 2.6 மீட்டர் அகலமுள்ள பேருந்து மெதுவாகப் போவதற்கு அது போதும். முதியவர் பாதிச் சாலையைக் கடந்து திட்டில் நின்று, மறுபக்கம் பார்த்து, மீதியைக் கடக்கலாம். நிறுத்தமும் அருகில் இருந்தால், பேருந்து கடவையைத் தாண்டிய பிறகு நிற்கும்படி அதைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இறங்கியவர்கள் பேருந்தின் பின்பக்கமாகக் கடப்பார்கள், முன்பக்கமாகக் கடந்து மறைவிலிருந்து வெளிப்பட மாட்டார்கள். மெட்ரோ ரயில் பணிக்காகத் தற்காலிகமாகத் திருப்பிவிடப்பட்ட பேருந்துகள் இந்தக் கணக்கில் சேரா. அவற்றைக் காரணம் காட்டி மனுவைத் தள்ளுபடி செய்தால், திருப்பிவிட்ட ஆணை எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில் கேளுங்கள், அது முடிந்ததும் மேடு போடப்படும் என்ற உறுதியையும் எழுத்திலேயே கேளுங்கள். வழித்தடப் பேருந்தா திருப்பிவிடப்பட்ட பேருந்தா என்பதை நிறுத்தப் பலகை இருக்கிறதா என்று பார்த்தும் ஓட்டுநரிடம் விசாரித்தும் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

மனுவை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் மக்களின் ஆண்டுக்கணக்கான காலம் வீணாகிறது. மாநகராட்சியின் மண்டல அலுவலகம் போக்குவரத்துக் காவல்துறையைக் கேட்கச் சொல்லும். காவல்துறை, சாலை தங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பும். பேருந்துச் சாலை என்றால் மாநகராட்சிக்குள்ளேயே வேறொரு துறையைக் காட்டுவார்கள். நடப்போருக்கு முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்துவிட்டது. ஆனாலும் ஒரு வாசலுக்கு ஒரு கடவை கேட்க மூன்று அலுவலகங்களில் மாறி மாறி நிற்க வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமையையே தருகிறது. ஒரே மனுவை மூன்று இடத்துக்கும் நகலிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மாநகராட்சியின் புகார்த் தொலைபேசியான 1913-லும் பதிந்து புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். முப்பது நாளில் அசைவில்லாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இந்தச் சாலையின் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவி எது? எங்கள் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரத்தைக் கைவிட்டதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடம் தருகிறது. அதை மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

‘வண்டிகள் மிக வேகமாகப் போகின்றன’ என்று எழுதினால் கோப்பில் தூங்கும். எண்ணாக எழுதுங்கள். வாசலுக்கு இரு பக்கமும் 25 மீட்டர் அளந்து, சாலையோரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். ஒரு கோட்டிலிருந்து மறு கோடு 50 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வண்டிக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 6 விநாடி என்றால் 30 கிலோமீட்டர், 4 விநாடி என்றால் 45, 3.6 விநாடி என்றால் 50. மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, மூன்று நாட்கள், நாளுக்கு நூறு வண்டிகள் என்று குறியுங்கள். பூங்காவில் ஓய்வாக அமர்ந்திருக்கும் பெரியவர்களே இதைச் செய்துவிடலாம். நடைபாதையில் நின்றபடி செய்யட்டும், சாலையில் இறங்க வேண்டாம்.

மனு நகரும் வரை காத்திருக்காமல், உங்கள் கையில் உள்ளவற்றைச் செய்யுங்கள். வாசலுக்கு இரு பக்கமும் பத்து மீட்டருக்கு எந்த வண்டியும் நிற்காமல் சங்கத்தாரே பேசிப் பாருங்கள். முதலில் உறுப்பினர்களின் கார்களை எடுக்க வேண்டியிருக்கும். வேலியைத் தாண்டித் தொங்கும் காகிதப்பூச் செடியைப் பூங்காக் காவலரிடம் சொல்லி வெட்டச் செய்யுங்கள். வெளியே வருபவர் வண்டிக்காரருக்குத் தெரிய வேண்டும். வாசலுக்கு நேரே உள்ள தெருவிளக்கு எரிகிறதா என்று இன்று இரவே பாருங்கள், எரியாவிட்டால் கம்பத்தில் எழுதியுள்ள எண்ணோடு 1913-ல் புகார் கொடுங்கள். இடிபட்ட பெரியவர் சிகிச்சை பெற்ற ரசீதுகளும், காவல் நிலையத்தில் பதிந்திருந்தால் அதன் நகலும் மனுவோடு சேரட்டும்.