12 ஹோம் ரன்னா, 31 ஹோம் ரன்னா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

அமெரிக்க பேஸ்பாலில் மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக் விருதுகள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். ஒரு பழைய வழக்கு எனக்கு இன்னும் முடியவில்லை. 2023இல் பேஸ்பால் அமெரிக்கா இதழின் ‘ஆண்டின் சிறந்த மைனர் லீக் வீரர்’ விருது பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் ஜாக்சன் ஹாலிடேக்குப் போனது. அந்த வருடம் அவர் அடித்தது 12 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது). டாம்பா பே ரேஸின் ஜூனியர் கமினேரோ 31 அடித்தார். மட்டையாட்டத்தை அளக்கும் ஓபிஎஸ்ஸிலும் கமினேரோவே மேலே: அவருக்கு .975, ஹாலிடேக்கு .941.

ஹாலிடே ஒரே வருடத்தில் மைனர் லீக்கின் நான்கு படிகளில் (சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ) ஆடினார் என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. முன்னாள் மேஜர் லீக் வீரர் மேட் ஹாலிடேயின் மகன், 2022 டிராஃப்டில் (புதுமுக வீரர் தேர்வு) முதல் ஆள் என்ற பெயர்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பிறகு நடந்ததையும் பாருங்கள். ஹாலிடே 2024 ஏப்ரலில் மேஜர் லீக் வந்து 34 மட்டை வாய்ப்புக்கு 2 ஹிட் என்று திரும்பிப் போனார். கமினேரோ 2025இல் மேஜர் லீக்கில் 45 ஹோம் ரன். விருது தவறான ஆளுக்குப் போயிற்று என்று இப்போதாவது ஒப்புக்கொள்வீர்களா? 2015க்குப் பிறகு ஒரு பிட்சருக்குக்கூட (பந்துவீச்சாளர்) இந்த விருது கிடைக்கவில்லையே, அது ஏன்?

க.

அன்புள்ள க.,

ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் நீங்கள் நினைப்பதைவிட வித்தியாசம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வாதம் உங்களுக்கு இன்னும் பலமானது. அதையும் கீழே நானே எடுத்துக்கொடுக்கிறேன்.

45 ஹோம் ரன்னை முதலில் ஒதுக்கிவைப்போம். 2023 விருது 2023இல் ஆடியதற்கு. 1981இல் இந்த விருதின் முதல் வெற்றியாளர் டாட்ஜர்ஸின் மைக் மார்ஷல். ட்ரிபிள்-ஏ அணியான ஆல்புகர்க்கியில் .373 சராசரி, 34 ஹோம் ரன், 137 ஆர்பிஐ (தன் மட்டையால் வரவைத்த ரன்), மூன்றிலும் லீக்கில் முதலிடம். மேஜர் லீக்கில் அவர் ஒரு சீசனில் அதிகபட்சம் அடித்தது 28. அதற்காக 1981 விருதைப் பிடுங்கிவிட முடியுமா? அவர் எண்களைக் குறைத்து மதிப்பிட வேறொரு காரணம் இருக்கிறது: ஆல்புகர்க்கி கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடி மேலே. மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் போகும், பிட்சரின் கர்வ் சரியாக வளையாது. இது 1981லேயே தெரிந்த விஷயம். சீசன் முடிந்த அன்று தெரிந்ததை வைத்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

இனி ஓபிஎஸ். உங்கள் கடிதத்தில் நான் சண்டைபோட விரும்பும் இடம் இதுதான். ஓபிஎஸ் என்பது ஆன்-பேஸ் விகிதத்தையும் (எத்தனை முறை அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்தார்) ஸ்லக்கிங்கையும் (ஒரு மட்டை வாய்ப்புக்கு அடித்து எடுத்த பேஸ்) அப்படியே கூட்டுவது. இரண்டும் ஒரே மதிப்புள்ளவை என்று அது பாவித்துக்கொள்கிறது. உண்மையில் ரன் எடுப்பதில் ஆன்-பேஸின் ஒரு புள்ளி ஸ்லக்கிங்கின் கிட்டத்தட்ட 1.8 புள்ளிக்குச் சமம். அவுட் ஆகாமல் இருப்பது அடுத்த ஆளுக்கும் வாய்ப்பைக் கொடுக்கிறது, அதனால். ஆகவே கூட்டுவதற்கு முன் ஆன்-பேஸை 1.8ஆல் பெருக்க வேண்டும்.

ஹாலிடே 125 ஆட்டங்களில் .323 சராசரி, .442 ஆன்-பேஸ், .499 ஸ்லக்கிங். .442ஐ 1.8ஆல் பெருக்கினால் .796, அதோடு .499 சேர்த்தால் 1.295. கமினேரோ 117 ஆட்டங்களில் .324, .384, .591. .384ஐப் பெருக்கினால் .691; .591 சேர்த்தால் 1.282. வரிசை மாறிவிட்டது பாருங்கள். 34 புள்ளி (.001 ஒரு புள்ளி) பின்தங்கி இருந்தவர் 13 புள்ளி முன்னால் வந்துவிட்டார். 13 புள்ளி பெரிய விஷயமில்லை, சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். ‘31 எங்கே, 12 எங்கே’ என்ற கேள்விக்கு இடமில்லை என்பதுதான் என் பேச்சு. அந்த 19 ஹோம் ரன் பள்ளத்தை ஹாலிடே நிரப்பியது ‘வாக்’ (பிட்சர் நான்கு தவறான பந்து வீசினால் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) எடுத்து. அந்த வருடம் அவர் எடுத்த வாக் 101. கமினேரோ அதில் பாதிகூட எடுக்கவில்லை.

இப்போது நான்கு படி. ஹாலிடே டெல்மார்வாவில் (சிங்கிள்-ஏ) 14 ஆட்டம், அபர்டீனில் (ஹை-ஏ) 57, போவியில் (டபுள்-ஏ) 36, நார்ஃபோக்கில் (ட்ரிபிள்-ஏ) 18. இந்த வாதம் உங்களைப் போலவே எனக்கும் பிடிப்பதில்லை. படி ஏற்றுவது அணி நிர்வாகம், வீரர் அல்ல. ரேஸ் அணி கமினேரோவை ட்ரிபிள்-ஏ டர்ஹமுக்கு அனுப்பவே இல்லை. டபுள்-ஏவிலிருந்து நேராக செப்டம்பரில் மேஜர் லீக்குக்குத் தூக்கிக்கொண்டது. அப்படியானால் எவர் அதிக உயரம் ஏறினார்? தவிர, நார்ஃபோக்கின் 18 ஆட்டங்களில் ஹாலிடேயின் சராசரி .267, ஹோம் ரன் 2. கெட்ட எண் அல்ல, ஆனால் விருதுக்கு அதைக் காரணமாகக் காட்டினால் சிரிப்பு வரும்.

வயதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறார்கள்: ஹாலிடே 19, கமினேரோ 20 என்று. கமினேரோ பிறந்தது 2003 ஜூலை 5, ஹாலிடே 2003 டிசம்பர் 4. இடைவெளி ஐந்து மாதம். ஜூன் 30 அன்று என்ன வயதோ அதுவே சீசன் வயது என்பது பேஸ்பால் புள்ளிவிவர வழக்கம். அதன்படி இருவருக்குமே அந்த சீசன் 19. வயதை வைத்து யாருக்கும் மதிப்பெண் போட முடியாது.

படிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, இருவரும் ஒரே தரத்தில் ஆடிய இடங்களை ஒப்பிடுவதுதான் பயன். இங்கே ஒரு நல்ல தற்செயல்: ஹை-ஏவில் அபர்டீனும், கமினேரோ ஆடிய போலிங் கிரீனும் ஒரே சவுத் அட்லாண்டிக் லீக். அங்கே ஹாலிடே .314, .452, .488. கமினேரோ 36 ஆட்டங்களில் .356, .409, .685, ஹோம் ரன் 11. நான் சொன்ன 1.8 கணக்கைப் போட்டாலும் கமினேரோ தெளிவாக மேலே: 1.421க்கு எதிராக 1.302. இந்த லீக்கில் ஆஷ்வில் மைதானத்தின் வலப்பக்க வேலி மிகப் பக்கம் என்று சிலர் கிளப்புவார்கள். கமினேரோ வலக்கை ஆட்டக்காரர், அவர் இழுத்து அடிக்கும் பந்து இடப்பக்கம் போகும். அந்த வேலியால் லாபம் பெற வேண்டியவர் இடக்கை ஹாலிடேதான்.

டபுள்-ஏவில் கதை திரும்புகிறது. போவியில் ஹாலிடே .338, .421, .507, மாண்ட்கோமரியில் கமினேரோ .309, .373, .548. கணக்கு 1.265க்கு 1.219, ஹாலிடே மேலே. ஆனால் ஒன்று 36 ஆட்டம், இன்னொன்று 81 ஆட்டம். 2021 முதல் மைனர் லீக்கில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம். 36 ஆட்டம் என்றால் ஆறு வாரம், ஏறத்தாழ ஆறு எதிரணி. அதில் இரண்டு அணிகளின் பந்துவீச்சு சொத்தையாக இருந்துவிட்டால் எண் வீங்கிவிடும். 81 ஆட்டத்தில் இந்த அதிர்ஷ்டம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

லீக்கும் வேறு. போவி ஈஸ்டர்ன் லீக், மாண்ட்கோமரி சதர்ன் லீக். 2023இன் முதல் பாதியில் சதர்ன் லீக்கில் மட்டும் பிசுபிசுப்புப் பூச்சு ஏற்கெனவே பூசிய பந்தை மேஜர் லீக் நிர்வாகம் சோதித்துப்பார்த்தது. பிடி நன்றாக இருந்தால் பந்து அதிகமாகச் சுழலும், ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து மட்டையாளர் அவுட் ஆவது) கூடும், கூடியது. பாதியில் சோதனையைக் கைவிட்டு பழைய பந்துக்குத் திரும்பினார்கள். கமினேரோ அந்த லீக்குக்கு வந்தது மே இறுதி வாக்கில். ஆகவே அவருடைய முதல் சில வாரங்கள் அந்தப் பந்தோடு. அவர் டபுள்-ஏ எண்ணைக் கொஞ்சம் ஏற்றித்தான் படிக்க வேண்டும். நேர்மாறாக, அதே வருடம் ட்ரிபிள்-ஏவில் செவ்வாய் முதல் வியாழன் வரை வீசிய பந்து ஸ்ட்ரைக்கா (கட்டத்துக்குள்) பாலா (வெளியே) என்று இயந்திரமே தீர்மானித்தது. வெள்ளி முதல் ஞாயிறு வரை நடுவர் சொல்வார், வீரர் இயந்திரத்திடம் மேல்முறையீடு செய்யலாம். இயந்திரத்தின் கட்டம் சிறியது, வாக் கூடியது. ஹாலிடேயின் நார்ஃபோக் ஆன்-பேஸ் .396இல் அதன் பங்கும் உண்டு.

ஹாலிடேயின் 24 ஸ்டீலைப் பற்றி (அடிக்காமலே ஓடி அடுத்த பேஸைத் திருடுவது) நீங்கள் பேசவில்லை, நல்லது. 33 முறை ஓடி 9 முறை பிடிபட்டார். பிடிபடுவது ஒரு அவுட். அதன் நஷ்டம் ஒரு பேஸின் லாபத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்குக்கும் மேல். பத்தில் ஏழு முறை தப்பினால்தான் கைக்காசு போகாது. ஹாலிடே அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். இதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

உங்களுக்கு நான் எடுத்துக்கொடுப்பதாகச் சொன்ன வாதம் இதோ. கீழ்ப்படிகளில் வாக் மலிவு. பத்தொன்பது, இருபது வயதுப் பிட்சர்களுக்கு வேகம் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது. பொறுமையாக நின்றாலே முதல் பேஸ் கிடைக்கும். ஹாலிடேயின் ஆன்-பேஸைப் படிவாரியாக எழுதுங்கள்: .522, .452, .421, .396. ஒவ்வொரு படியிலும் இறங்குகிறது. மேலே போகப் போகப் பிட்சர் கட்டத்துக்குள்ளேயே வீசுவார், அடித்தே ஆகவேண்டும். 2024 ஏப்ரலில் அவருக்கு நடந்ததும் அதுதான்: அந்தப் பத்து ஆட்டத்தில் 18 ஸ்ட்ரைக் அவுட். கமினேரோவின் ஆன்-பேஸும் .409இலிருந்து .373க்கு இறங்கியது, ஆனால் அவருடைய பலம் வாக்கில் இல்லை, பந்து மட்டையில் படும் வேகத்தில். அது எந்தப் படியிலும் செல்லும் காசு. நான்கு படி, பிரபல அப்பா என்றெல்லாம் அலையாமல் இந்த ஒன்றைப் பிடித்திருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன்.

திணறியும் ஹாலிடே பக்கம்தான் வருவேன். மட்டைக் கணக்கு சமம் என்று வைத்துக்கொண்டால், ஹாலிடே பெரும்பாலும் நின்றது ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில்), கமினேரோ பெரும்பாலும் மூன்றாம் பேஸில். அதே மட்டையாட்டம் ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து வந்தால் விலை கூடுதல், ஏனென்றால் அந்த இடத்தில் நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு. எட்டு ஆட்டம் அதிகமாகவும் ஆடினார். என் ஓட்டு 52க்கு 48. நீங்கள் 48இல் நின்றால் அது அபத்தம் அல்ல.

லீக் எம்விபி (அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர்) விருதை வைத்து இதைத் தீர்க்கலாமே என்றும் சிலர் எழுதுகிறார்கள். தீர்க்க முடியாது. லீக் பட்டியலில் இடம்பெற, அணி ஆடும் ஆட்டம் ஒன்றுக்கு 2.7 முறை மட்டை பிடித்திருக்க வேண்டும். ஹை-ஏவின் 132 ஆட்டத்துக்கு அது 356. அபர்டீனின் 57 ஆட்டத்தில் நடக்காத காரியம். நன்றாக ஆடுபவனை மேலே தூக்கிவிடுவார்கள், லீக் விருது பெரும்பாலும் கீழேயே நின்றவனுக்குப் போகும். 2025இல் பசிபிக் கோஸ்ட் லீக் எம்விபி டாட்ஜர்ஸின் ரயன் வார்டு, 36 ஹோம் ரன், வயது 27. அருமையான சீசன். ஆனால் பேஸ்பால் அமெரிக்கா ஆட்டத்தோடு எதிர்காலத் தகுதியையும் எடைபோடுகிறது, அதில் அவர் பெயர் எடுபடாது.

பிட்சர்கள்: 1983 வெற்றியாளர் ட்வைட் கூடன் லிஞ்ச்பர்க்கில் 18 வயதில் 191 இன்னிங்ஸ் வீசி 300 ஸ்ட்ரைக் அவுட். இன்று எந்த அணியும் அந்த வயதுப் பையனை அவ்வளவு வீச விடாது. 2015இல் வென்ற பிளேக் ஸ்னெல் 134 இன்னிங்ஸ், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 1.41. 2025இல் மெட்ஸின் ஜோனா டாங் 1.43 ஈஆர்ஏவும் 179 ஸ்ட்ரைக் அவுட்டும் வைத்திருந்தார், ஆனால் 113 இன்னிங்ஸ் சொச்சம்தான். ஆகஸ்ட் இறுதியில் மேஜர் லீக் கூப்பிட்டுக்கொண்டது. நாள்தோறும் ஆடும் மட்டையாளர் 120 ஆட்டம் காட்டும்போது இருபது, இருபத்திரண்டு ஆட்டம் காட்டுபவர் ஜெயிப்பது கடினம்.

1.8 கணக்கில் நம்பிக்கை வந்திருந்தால் 2025 விருதுக்கும் போட்டுப்பாருங்கள். வென்றவர் பைரேட்ஸின் கானர் கிரிஃபின்: 122 ஆட்டத்தில் .333, .415, .527. கார்டினல்ஸின் ஜேஜே வெதர்ஹோல்ட் 109 ஆட்டத்தில் .306, .421, .510. பெருக்கிக் கூட்டினால் 1.274, 1.268. இங்கே படி உண்மையிலேயே எடை போடும்: வெதர்ஹோல்ட் சீசன் முழுக்க டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ, கிரிஃபின் டபுள்-ஏ ஆல்டூனாவில் ஆடியது கடைசி 21 ஆட்டம் மட்டும். ஆனால் வயதுக் கணக்கில் ஐந்து மாதம் அல்ல, மூன்றரை வருடத்துக்கும் மேல் இடைவெளி. கிரிஃபின் பள்ளி முடித்து வந்த 19, வெதர்ஹோல்ட் கல்லூரி முடித்து வந்த 22. நான் கிரிஃபினுக்கே போட்டிருப்பேன். அவருடைய 65 ஸ்டீலை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அன்புடன்.