அப்பாவின் மலரில் அம்மாவின் பக்கம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைக் கனகாலமாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா காலமாகி பத்து மாதமாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு நினைவு மலர் அடித்தோம். அட்டையில் அப்பாவின் படம், உள்ளே சிவபுராணமும் தேவாரங்களும், கடைசியில் நன்றி நவிலல். அப்பாவைப் பற்றி அரைப் பக்கம்தான். பாசமிகு தந்தை, சிறந்த சமூகத் தொண்டர், எல்லோருடனும் இன்முகத்துடன் பழகுபவர் என்று இருக்கிறது. பெயரை மாற்றினால் யாருடைய மலரிலும் அதை அப்படியே போடலாம். வருட முடிவில் வரும் ஆட்டைத் திவசத்துக்காவது ஒழுங்காக ஒன்று செய்ய ஆசைப்படுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சங்கக்கடையின், அதாவது கூட்டுறவுக் கடையின், மனேச்சராக இருந்தவர். பத்திரிகை வாசிக்கவும் ஊர்க் காரியம் பேசவும் ஆட்கள் கூடும் சனசமூக நிலையத்துக்கும் பல காலம் செயலாளர். ஊரில் எந்தச் செத்தவீடென்றாலும் முன்னுக்கு நிற்பார். கனடா வந்த பிறகும் ஊர்ச் சங்கம், பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்ப்பது என்று ஓய்ந்து இருந்ததில்லை.

ஆனால் ஐயா, வீட்டில் நாங்கள் அவரைக் கண்டது குறைவு. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கடைக்கு மண்ணெண்ணெய் வந்தால் எங்கள் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கடைசியாகத்தான் தருவார். சில தடவை எங்கள் முறை வரும்போது முடிந்திருக்கும். 95இல் வலிகாமச் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளியேறிய இடப்பெயர்வில், கடையில் இருக்கிற சாமானை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அங்கேயே நின்றுவிட்டார். அம்மாதான் எங்கள் மூன்று பேரையும் அப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் போனார். இதையெல்லாம் மலரில் எழுதலாமா? அப்பாவைக் குறை சொல்வதுபோல் இருக்கும் என்கிறார் அண்ணா. “இப்ப என்னத்துக்கு உதெல்லாம்” என்கிறார் அம்மா. எனக்கு அப்பாவில் உயிர். அதனால்தான் கேட்கிறேன்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி

---

அன்புள்ள பிள்ளைக்கு,

எழுதலாம். எழுதத்தான் வேண்டும்.

முதலில் அந்த அரைப் பக்கத்தை நினைத்து மனம் வருந்தாதீர்கள். செத்தவீட்டு அலுவல்களுக்கு நடுவில், நித்திரையில்லாத கண்ணோடு, அச்சகத்தில் கேட்கிறார்களே என்று எழுதிக் கொடுப்பது அப்படித்தான் இருக்கும். அந்தியேட்டிக்குத் தேவாரம் போதும், வந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள் அல்லவா, அதோடு அந்த மலரின் வேலை முடிந்தது. நீங்கள் இப்போது செய்ய நினைப்பது வேறு வேலை.

இப்படியான நினைவு மலரைப் பழைய ஆட்கள் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். ஊரிலுள்ள பண்டிதர் ஒருவரிடம் குறிப்புகளைக் கொடுத்தால் பாட்டாக எழுதித் தருவார். முதலில் திதி வெண்பா வரும்: என்ன வருடம், என்ன மாதம், பூர்வபட்சமா (வளர்பிறை) அபரபட்சமா (தேய்பிறை), எந்தத் திதி. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கும் திவசம் செய்ய அந்த நாலு வரி போதும். பிறகு ஊரின் சிறப்பு, வம்சம், படிப்பு, உத்தியோகம், கலியாணம், பிள்ளைகள். அதற்குப் பிறகு புலம்பல்கள் வரிசையாக வரும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று உற்றார் உறவினர் வரைக்கும் போகும்.

இந்த மனைவி புலம்பலைப் பல கல்வெட்டுகளில் வாசித்திருக்கிறேன். சந்தம் நன்றாக இருக்கும், இரண்டாம் பாட்டிலேயே கண் கலங்கிவிடும். ஆனால் எழுதியவர் பண்டிதர். நாற்பது ஐம்பது வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்த மனுசி உள்ளே, பெண்கள் நடுவில், பாயில் இருந்திருப்பார். அவரிடம் போய் “நீங்கள் என்ன சொல்லப் போறியள் அம்மா” என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவருக்காக இன்னொருவர் அழுதார், அவருடைய பெயரைப் போட்டு அச்சடித்தார்கள். எங்கள் கல்வெட்டு மரபில் எனக்கு மிகவும் பிடிக்காதது இது ஒன்றுதான். உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் மனதில் வந்ததும் அதுதான்.

இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது நாங்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்போம், ஞாபகம் இருக்கும். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்ன இன்னாரின் பாசமிகு தந்தையும், மாமனாரும், மைத்துனரும் என்று போய்க்கொண்டே இருக்கும். அதை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். ஒரு மனிதர் யார் யாருக்கு என்ன முறை என்பது அதில் ஒன்றும் தவறாமல் வந்துவிடும். அவர் அந்தக் கணவராக, அந்தத் தந்தையாக என்ன செய்தார் என்பதற்கு அதில் இடமில்லை. மலரில் இடம் இருக்கிறது, தாள் உங்கள் கையில்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மண்ணெண்ணெய்.

90ஆம் ஆண்டுக்குப் பிறகு ஐந்து வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், உரம், சீமெந்து எல்லாவற்றுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு. கப்பலில் சாமான் வந்து இறங்கினால்தான் சங்கக்கடைகளுக்கு ஏதாவது கிடைக்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். கோடு போட்ட கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சாகி வந்தது. இங்கே பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை, அதனால் ஒரு பந்தியிலாவது விளக்கமாக எழுதுங்கள்.

அந்த நாளில் மண்ணெண்ணெய் வரிசை என்றால் விடிய முதலே கான்களை அடுக்கி வைத்துவிட்டு ஆட்கள் வேலிக்கரையில் குந்தியிருப்பார்கள். வந்தது எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று எல்லோரும் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மனேச்சரின் வீட்டுக்குப் பின்வாசலால் ஒரு போத்தல் போனது என்று ஒருவர் கண்டால் போதும், அன்றைக்கே வரிசை குழம்பும், அடுத்த முறை ஒருவரும் அவரை நம்பமாட்டார்கள். உங்கள் அப்பா தன் கூப்பனைக் கடைசியில் வைத்ததை அந்தச் சனம் முழுக்கப் பார்த்திருக்கும். கடையில் சண்டை வராமல் காத்தது அதுதான். நேர்மையானவர் என்று மலரில் எழுதினால் வாசிப்பவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். தன் கூப்பனைக் கடைசியில் வைத்தார், சில நாள் வீட்டுக்கு எண்ணெய் இல்லை என்று எழுதிப் பாருங்கள்.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் எழுதியதாகும். எண்ணெய் இல்லாமல் வந்த அந்த இரவில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டுக் கொளுத்துவது. ஒரு கரண்டி எண்ணெயில் ஒரு பிள்ளை ஒரு பாடத்தைப் படித்து முடிக்கலாம். அந்தக் கரண்டி எண்ணெயை அம்மா எங்கே வாங்கினார்? அயலில் கேட்டாரா? மனேச்சர் வீட்டம்மா எண்ணெய் கேட்டு வருகிறா என்று யாரும் ஒரு கதை சொன்னார்களா? அல்லது தேங்காயெண்ணெயை எரித்தாரா, சமையலுக்கே அது தட்டுப்பாடாக இருந்த நேரத்தில்? சவர்க்காரம் இல்லாதபோது அப்பாவின் வெள்ளைச் சேட்டை எதில் தோய்த்தார்? பனம்பழக் களியில் தோய்த்த வீடுகள் எத்தனையோ. அடுத்த நாள் காலமை அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு அப்பா கடை திறந்தார்.

அப்பாவின் நேர்மைக்கான செலவை அம்மா கொடுத்தார். இதை எழுதினால் அப்பாவுக்குக் குறை என்று அண்ணா நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஊருக்கு உழைத்த எந்த ஆம்பிளையின் கதையிலும் வீட்டில் ஒருவர் அதைத் தாங்கிக்கொண்டு நின்றிருப்பார், அவரை விட்டுவிட்டு எழுதும்போதுதான் அந்த உழைப்பு ஏதோ சும்மா வந்ததுபோல் ஆகிவிடுகிறது. அண்ணாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கிடைக்காத நேரத்தையும் ஒளிக்க வேண்டாம், நீங்கள் எனக்கு எழுதிய அதே சொற்களில், எனக்கு அப்பாவில் உயிர் என்ற வரியோடு சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம் 95 ஒக்ரோபர் 30. அன்றைக்குப் பின்னேரம் வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்து, இரவோடிரவாக வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கான சனம், ஒடுங்கிய பாதை, மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஓரடி எடுத்து வைக்க எத்தனையோ நேரம் நின்றவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் மாறுகிறது. அப்பா அன்றிரவு என்ன செய்தார் என்பதற்குச் சாட்சிகள் உண்டு, கடைசியாகக் கடைக்கு வந்து அரிசியும் சீனியும் வாங்கிக்கொண்டு போனவர்கள் யாராவது பாரிசிலோ லண்டனிலோ வவுனியாவிலோ இருப்பார்கள், தேடினால் கிடைப்பார்கள். அம்மா அன்றிரவு என்ன செய்தார் என்பதற்கு அம்மாவும் நீங்கள் மூவரும்தான் சாட்சி. அப்பம்மா நடந்தாரா, சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினீர்களா? எதை எடுத்தார், எதை விட்டார்? அப்பா வந்து சேரும் வரைக்கும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தார்?

அம்மாவிடம் கேளுங்கள். மலருக்கு என்று சொல்லிக் கேட்காதீர்கள், “என்னத்துக்கு உதெல்லாம்” என்பார். மரக்கறி வெட்டும்போது, அல்லது காரில் கூட்டிக்கொண்டு போகும்போது ஒரு சின்ன விஷயத்தில் தொடங்குங்கள். போனில் பதிவு செய்யப் போவதாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிறகு அவர் சொன்னதை அவருடைய பேச்சிலேயே, திருத்தாமல், மனைவி புலம்பல் வரவேண்டிய இடத்தில் போடுங்கள். இரண்டு பக்கமோ நாலு பக்கமோ, பரவாயில்லை.

மற்றவர்களிடம் கேட்கும்போது அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டால் “தங்கமான மனுசன்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அப்பா உங்களுக்குச் செய்த ஒரு அலுவலைச் சொல்லுங்கோ என்று கேளுங்கள். ஒரு மலரில், அச்சும் சுமார்தான், ஒரு மாட்டு வண்டிக்காரரின் மகன், தகப்பன் இரவில் எந்த எந்த வீட்டு நோயாளியை மந்திகை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார் என்று வீடு வீடாக எழுதியிருந்தார். ஒரு பாட்டும் இல்லை, ஒரு பட்டமும் இல்லை. அந்த மனிதரை எனக்குத் தெரியாது, ஆனால் இப்போது தெரியும்.

வயதானவர்கள் வருடக் கணக்குச் சொல்லமாட்டார்கள். 64 புயலுக்குப் பிறகு, நூலகம் எரிந்ததுக்கு முந்தி என்பார்கள். அப்படியே குறித்துக்கொண்டு பிறகு வருடத்தைப் பிடியுங்கள். சனசமூக நிலையத்தில் எந்தப் பத்திரிகைகள் எடுத்தார்கள், பெஞ்சும் மேசையும் யார் கொடுத்தது, செத்தவீட்டுக்குக் கதிரைகளை யார் ஏற்றி இறக்கியது என்பதையும் கேளுங்கள். படங்களுக்குக் கீழே இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரும் வரவேண்டும், நடுவில் மாலையோடு நிற்பவரின் பெயர் மட்டும் போதாது. கனடாக் கதையை அதிகம் நீட்ட வேண்டாம், அதைத் தெரிந்தவர்கள் கிட்டத்தில் இருக்கிறார்கள், பிறகும் எழுதலாம். ஊர்க் கதை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 81இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் போயின. பிறகு இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்த கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் போயின, சங்கங்களின் கூட்டக் குறிப்புகளும் தப்பவில்லை. தடைக் காலத்தில் ஒரு கிராமத்துச் சங்கக்கடை எப்படி நடந்தது என்று நாளைக்கு ஒரு பிள்ளை தேடினால், அது உங்கள் மலரில் இருக்கலாம். ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தை நடத்தும் நிறுவனம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்து வருகிறது, நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். அச்சானதும் ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்புங்கள்.

தேவாரங்களை எடுத்துவிட வேண்டாம், திதி வெண்பா எழுதக்கூடிய ஒருவர் ரொறன்ரோவிலேயே கிடைப்பார், அதையும் முதல் பக்கத்தில் போடுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், அண்ணாவையும் பக்கத்தில் இருத்தி. அம்மா வெட்டச் சொல்வதை வெட்டுங்கள், வேறு யார் சொன்னாலும் யோசியுங்கள்.

எனக்கும் ஒரு பிரதி வேண்டும். தபால் செலவை நான் தருகிறேன்.