கல்யாண வீட்டு முன்பணம் உங்கள் சேமிப்பு அல்ல

கேள்வி: அக்கா, வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், வயது 31. பிராஸ்பெக்டனில் ஒரு கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. மாதம் 16,000 ராண்ட் சம்பளம், மருத்துவத் திட்டமும் ஓய்வூதிய நிதியும் உண்டு. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு 9,000 வாங்குகிறேன். இப்போது மூன்று கல்யாணம் கையில் இருக்கிறது, ஆளுக்கு 4,000 முன்பணம் கொடுத்துவிட்டார்கள். வங்கியில் மொத்தம் 45,000 இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 13,000 ஆகிறது. டிசம்பரில் வேலையை விட்டுவிட்டு, ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியில் உள்ள 28,000ஐ எடுத்து, 62,000 ராண்ட் கேமராவைத் தவணைக்கு வாங்கி, டிரோனும் வாங்கி, பாஸ்போர்ட் படத்துக்கும் சேர்த்து ஒரு சின்ன ஸ்டூடியோ பிடிக்கலாம் என்று யோசனை. மனைவிக்கு ஜனவரியில் பிரசவம். செய்யலாமா?

பதில்: தம்பி, தொழிலைத் தாராளமாகச் செய்யுங்கள். டிசம்பரில் வேலையை மட்டும் விடாதீர்கள்.

முதலில் அந்த 45,000. அதில் 12,000 உங்களுடையது இல்லை. மூன்று வீட்டார் கொடுத்த முன்பணம் அது. படம் எடுத்து, ஆல்பத்தைக் கையில் கொடுக்கும் வரை அது நீங்கள் அவர்களுக்குப் பட்ட கடன். ஆக உங்கள் சேமிப்பு 33,000. வீட்டுச் செலவுக்கு இரண்டரை மாதம் தாங்கும், அவ்வளவுதான். அதுவும் குழந்தை வருவதற்கு முந்தைய செலவுக் கணக்கு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் கடைசியில் நாடே ஊரடங்கில் முடங்கியபோது, பதினொரு கல்யாணங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்த ஒரு பையன் என்னிடம் வந்தான். பணத்தையெல்லாம் கார் வாங்க முதல் தவணையாகக் கட்டியிருந்தான். ஒவ்வொரு வீட்டாரும் போன் செய்து கேட்கிறார்கள், கொடுக்க ஒரு காசு இல்லை. கார் போனது, பேரும் போனது. நல்ல கைத்திறன் உள்ளவன், இன்றைக்கு இந்தத் தொழிலிலேயே இல்லை. அவன் முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சட்டமும் இதில் கல்யாண வீட்டார் பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 17ஆம் பிரிவு: முன்பதிவை ரத்து செய்ய வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நியாயமான முன்பணம் கேட்கலாம், ரத்தானால் நியாயமான அளவு பிடித்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் யாருக்காகப் பதிவு செய்தார்களோ அவர் இறந்துபோனாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதால் ரத்தானாலோ ரத்துக் கட்டணம் எதுவும் பிடிக்கக் கூடாது. ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது.

அடுத்து, ஒரு கல்யாணத்தில் உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது? உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம். 9,000 வருகிறது. உடன் வரும் இரண்டாவது கேமராக்காரருக்கு 1,500. டோங்காட் வரை போய்வர பெட்ரோல் 300. ஆல்பம் 2,200. படங்களைச் சேமிக்கும் டிஸ்க், பென்டிரைவ் 250. கேமரா, லென்ஸ், பிளாஷ் தேய்மானத்துக்கு ஒதுக்கவேண்டியது 900. மிஞ்சுவது 3,850. இப்போது நேரத்தைப் பாருங்கள். முதல் நாள் நலங்கு நான்கு மணி நேரம். கல்யாணத்தன்று விடிவதற்கு முன் பெண் வீட்டுக்குப் போய், வரவேற்பு முடிந்து விளக்கை அணைக்கும் வரை பதினான்கு மணி நேரம். அப்புறம் ராத்திரி ராத்திரியாகக் கம்ப்யூட்டர் முன்னால் படங்களைப் பொறுக்கி, நிறம் சரிசெய்து, ஆல்பம் கட்ட முப்பது மணி நேரம். மொத்தம் 48. மணிக்கு 80 ராண்ட் சொச்சம். கிடங்கில் உங்களுக்கு எவ்வளவு? வாரம் 45 மணி நேர வேலை என்று வைத்தால் மணிக்கு 82.

அதாவது கிடங்குச் சம்பளத்தைவிட ஒரு பிடி குறைவு. இங்கே மருத்துவத் திட்டமும் இல்லை, விடுமுறையும் இல்லை. இந்த விலையில் சம்பளத்தை ஈடுகட்ட வேண்டுமென்றால் மாதத்தின் நாலு ஞாயிறும் கல்யாணம் வேண்டும். நம் ஜனங்கள் ஆடியில் வைக்கமாட்டார்கள், புரட்டாசியில் வைக்கமாட்டார்கள், மார்கழியிலும் அரிது. வருடத்தில் மூன்று மாதம் காலெண்டர் காலி.

விலையை 13,000 ஆக்கிப் பாருங்கள். செலவு அப்படியேதான் இருக்கும். மிஞ்சுவது 7,850, இரண்டு மடங்குக்கு மேல். கேமராவை மாற்றுவதைவிட விலையை மாற்றுவதுதான் உங்கள் முதல் வேலை. உறவுக்காரர்கள் “நம்ம பையன்தானே” என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். மறுத்துப் பகைத்துக்கொள்ள வேண்டாம். மொய்யாக எவ்வளவு எழுதுவீர்களோ அதை மட்டும் பில்லில் கழித்து, கழித்தது தெரியும்படி எழுதிக் கொடுங்கள்.

காலியான மாதங்களுக்கும் வேலை தேடலாம். ஆடியில் மாரியம்மன் கோயில்களில் கஞ்சி வார்ப்பு, தைப்பூசத்தில் காவடி, பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களின் மெட்ரிக் நடன விழா. கூட்டத்தில் கேமராவோடு நின்றால் அடுத்த கல்யாணத்துக்கான ஆள் அங்கேயே கிடைப்பார்.

ஓய்வூதிய நிதிக்கு வருவோம். 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, நிதியில் சேரும் பணத்தை இடையில் எடுக்கக்கூடிய சேமிப்பு, ஓய்வுக்காலத்துக்கானது என்று பிரித்து வைக்கும் இரண்டு பானை முறையில், சேமிப்புப் பகுதியிலிருந்து வரியாண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம். எடுப்பது வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். உங்கள் சம்பளத்துக்கு 2025/26 வரியாண்டின் விகிதம் 18 சதவீதம். 28,000இல் 5,040 வரியாகவே போய்விடும், கைக்கு வருவது 22,960. நிதி நிர்வாகக் கட்டணமும் அதில் கழியலாம். ஒரு நொடியில் ஐயாயிரத்தை இழந்து வாங்கவேண்டிய அளவுக்கு எந்த கேமராவும் அவசரமில்லை. இன்னொன்று: நீங்களாக ராஜினாமா செய்தால் வேலையின்மைக் காப்பீட்டிலும் பணம் கிடைக்காது. மருத்துவத் திட்டம் வேலையோடு போய்விட்டால், புதுத் திட்டத்தில் சேரும்போது, இதற்கு முன் எவ்வளவு காலம் திட்டத்தில் இருந்தீர்கள், எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்பதைப் பொறுத்து, கர்ப்பத்துக்கு 12 மாதம் வரை காத்திருப்பு விதிக்க இடமுண்டு. ஜனவரியில் பிரசவம் என்கிறீர்கள். இந்த ஒரு காரணமே போதும், வேலையில் இருங்கள்.

62,000 கேமரா வேண்டாம். உங்களுக்கு வேண்டியது இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள, நல்ல நிலையில் இருக்கும் பழைய கேமரா ஒன்று. ஹோமப் புகையில், குத்துவிளக்கு வெளிச்சத்தில், ஐயர் ‘கெட்டிமேளம்’ என்று கையசைத்து, பின்னால் நிற்கும் அத்தைமார்கள் அட்சதையோடு முன்னால் சாயும் அந்த நொடியில் ஒரு கார்டு பழுதானால் இன்னொன்றில் படம் இருக்கும். அந்த நொடி திரும்பி வராது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தத் தாய் உங்களை மன்னிக்கமாட்டாள். விலை உயர்ந்த லென்ஸ் தேவைப்படும் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். தவணையில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், தேசியக் கடன் சட்டப்படி எழுத்தில் விலைப்புள்ளி கேளுங்கள். ஐந்து வேலை நாள் அது செல்லும். வட்டியை மட்டும் பார்க்காமல் தொடக்கக் கட்டணம், மாதச் சேவைக் கட்டணம், கடன் காப்பீடு எல்லாம் கூட்டிப் பாருங்கள்.

டிரோனை மறந்துவிடுங்கள். கூலிக்குப் பறக்கவிட வேண்டுமென்றால் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஓட்டுநர் உரிமமும், தொழில் நடத்தும் சான்றும் வேண்டும். கேட்கிற வீட்டுக்கு உரிமம் உள்ளவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஸ்டூடியோவும் வேண்டாம். என் பெரியப்பா கிரே தெருவில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். விரல் நுனியெல்லாம் மருந்து பட்டுப் பழுப்பேறியிருக்கும். அடையாள அட்டைப் படத்துக்கே வாசல் வரை வரிசை நிற்கும் என்பார். இன்றைக்கு ஸ்மார்ட் அடையாள அட்டைக்கு உள்துறை அலுவலகத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் படத்தை நம்பி மாத வாடகை கட்ட முடியாது.

உபகரணங்களுக்குக் காப்பீடு எடுக்கும்போது ‘தொழிலுக்குப் பயன்படுத்துகிறேன்’ என்று எழுத்தில் சொல்லுங்கள். வீட்டுப் பொருள் காப்பீடு பெரும்பாலும் தொழில் கருவியை ஏற்காது. கல்யாண மண்டப வாசலில் நிறுத்திய காரில் கேமராப் பை வேண்டவே வேண்டாம்.

வரிக்குக் கம்பெனி எதுவும் பதிய வேண்டியதில்லை, உங்கள் பெயரிலேயே நடத்தலாம். சம்பளத்துக்கு மேல் தொழில் வருமானம் இருப்பதால் வரித்துறையான சார்ஸிடம் தற்காலிக வரி, அதாவது வருமானத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு வரி, கட்டுபவராக ஆகிறீர்கள்: ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் ஒவ்வொரு தவணை. 7,000 ராண்டுக்குக் குறைந்த கருவியை வாங்கிய வருடமே முழுவதும் செலவாகக் கழிக்கலாம். கம்ப்யூட்டரை மூன்று வருடத்தில் கழிக்கலாம். பில்களை ஐந்து வருடம் பத்திரப்படுத்துங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே அந்தப் படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த மணப்பெண் படத்தை உங்கள் விளம்பரத்துக்குப் போட வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே அதற்குச் சம்மதம் எழுதி வாங்குங்கள்.

வேலையை எப்போது விடலாம்? புது விலையில், ஆடியும் புரட்டாசியும் உள்ளடங்கிய முழு ஒரு வருடம் மாதம் சராசரியாக இரண்டு கல்யாணம் வந்து, ஆறு மாத வீட்டுச் செலவு, 78,000, முன்பணத்தைத் தொடாமல் வங்கியில் நிற்கும்போது பேசுவோம்.

திங்கட்கிழமை வங்கியில் தனிக் கணக்கு ஒன்று திறந்து அந்த 12,000ஐ அதில் மாற்றிவிடுங்கள். அடுத்து வருகிற வீட்டாரிடம் 13,000 என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், தம்பி.