சிவப்பணுச் சவ்வும் பொட்டாசியமும்: நீங்கள் கேட்டவை

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுப்பவள் நான். சிவப்பணுச் சவ்வின் கொழுப்பு, அயனிகளின் (சோடியம், பொட்டாசியம் போன்ற மின்சுமையுள்ள துகள்களின்) போக்குவரத்து பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

பிளஸ் டூ மாணவி: மேடம், சவ்வு முழுக்கக் கொழுப்பு என்றால் அயனி எப்படி உள்ளே போகும்?

போகாது, அதுதான் விஷயமே. சோடியமோ பொட்டாசியமோ தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை ஒட்டவைத்துக்கொண்டுதான் திரியும். எண்ணெய்க்குள் நுழைய அவற்றை உதற வேண்டும், அதற்கு ஆகிற செலவு அதற்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) லிட்டருக்குச் சோடியம் 140, பொட்டாசியம் 4 மில்லிமோல் என்று இருக்க, சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் 100ஐ ஒட்டியும் சோடியம் 10 பக்கமாகவும் நிற்க முடிகிறது. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவது சோடியம்-பொட்டாசியம் பம்ப்: ஒரு ஏடிபி (அணுவின் எரிபொருள் மூலக்கூறு) செலவில் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஆனால் ஒரு சிவப்பணுவில் இந்தப் பம்ப் சில நூறுதான் இருக்கிறது! குளோரைடையும் பைகார்பனேட்டையும் மாற்றிக்கொடுக்கிற பேண்ட் 3 புரதமோ பத்து லட்சத்துக்குப் பக்கம். சில நூறு பம்ப் எப்படிப் போதும்? கசிவு அவ்வளவு குறைவு, அதனால்தான். ஓட்டை சின்னதாக இருந்தால் டம்ளரால் இறைத்தாலே படகு மிதக்கும் இல்லையா, அந்த ஓட்டையைச் சின்னதாக வைத்திருப்பது கொழுப்பு.

பள்ளி ஆசிரியர்: சவ்வில் கொழுப்பு இரட்டை அடுக்காக இருக்கிறது என்று யார் கண்டுபிடித்தது?

1925இல் நெதர்லாந்தின் கோர்டரும் கிரெண்டலும். சிவப்பணுவின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பிப் பார்த்தார்கள், அணுவின் பரப்பளவைப் போல இரு மடங்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் கொழுப்பை முழுசாகப் பிரிக்கவில்லை, பரப்பளவையும் குறைத்துக் கணக்கிட்டார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி விடை சரியாக வந்துவிட்டது. பரீட்சையில் நமக்கு இப்படி நடப்பதில்லை.

முதுநிலை மாணவர்: அப்படியென்றால் கொழுப்பு வெறும் சுவர்தானா, பம்பின் வேலையில் அதற்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. வெளி அடுக்கில் பாஸ்படிடைல்கோலினும் ஸ்பிங்கோமயலினும், உள் அடுக்கில் பாஸ்படிடைல்எத்தனோலமைனும் பாஸ்படிடைல்செரினும் (நான்கும் பாஸ்போலிப்பிட் என்கிற சவ்வுக் கொழுப்பு வகைகள்), நடுநடுவே கிட்டத்தட்ட பாஸ்போலிப்பிட் எண்ணிக்கைக்கு இணையாகக் கொலஸ்ட்ரால். இதில் எதிர்மின்சுமை உள்ள செரின் வகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பம்பைச் சவ்விலிருந்து பிரித்துச் சோப்புக் கரைசலில் வைத்தால் சீக்கிரம் வேலை செய்வதை நிறுத்திவிடும், செரின் வகையும் கொலஸ்ட்ராலும் கூட இருந்தால் தாக்குப்பிடிக்கும். ஆனால் எல்லாவற்றையும் கொழுப்பின் தலையில் கட்டாதீர்கள். பரம்பரையாகச் சிவப்பணுவில் சோடியமும் பொட்டாசியமும் கசிகிற குடும்பங்களில் மரபணுவைத் தேடிப் போனபோது பெரும்பாலும் சிக்கியவை பேண்ட் 3, பீசோ1 போன்ற புரதங்கள்தான்.

லேப் டெக்னீஷியன்: சாம்பிளை இரவு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பார்த்தால் பொட்டாசியம் எகிறுகிறது. சீரத்தில் சிவப்பு நிறமே இல்லை, அணு உடையவில்லை. ஏன்?

இந்தத் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. 4 டிகிரியில் பம்ப் ஏறக்குறைய நின்றுபோகிறது, கசிவு குறைந்தாலும் நிற்பதில்லை. அணு முழுசாகவே இருக்க, பொட்டாசியம் மட்டும் வெளியே வந்துகொண்டிருக்கும். அதனால் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், முதலில் சென்ட்ரிஃபியூஜ் செய்து சீரத்தைப் பிரியுங்கள், ஃப்ரிட்ஜ் அப்புறம். ரத்த வங்கிப் பையிலும் நடப்பது இதுவேதான். நாள் ஆக ஆகப் பையில் பொட்டாசியம் ஏறும், அதனால்தான் பச்சிளங்குழந்தைக்கு அதிக அளவில் ஏற்றும்போது புது ரத்தமோ கழுவிய அணுக்களோ கேட்கிறார்கள்.

ஒரு வாசகர்: எனக்குக் கொலஸ்ட்ரால் 240. சிவப்பணுவும் கெட்டியாகிவிடுமா?

பயப்படாதீர்கள். ரிப்போர்ட்டில் வருகிற எண்ணில் பெரும்பகுதி எஸ்டர் வடிவம் (கொழுப்பு அமிலத்தோடு இணைந்த கொலஸ்ட்ரால்), அது சவ்வுக்குள் போய் உட்காராது. சிவப்பணுவால் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் செய்ய முடியாது என்பதால் பிளாஸ்மாவோடு கொடுக்கல் வாங்கல் உண்டு, ஆனால் அணுவின் உருவமே மாறுவது கல்லீரல் மிக மோசமாகும்போதுதான். அப்போது கொலஸ்ட்ரால் ஏறி, அணு முள்முள்ளாகி, மண்ணீரலில் சிக்கி உடையும். உங்கள் 240க்கு இதயத்தைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

செவிலியர், நீலகிரி: இங்கே பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் (ஹீமோகுளோபின் கோளாறால் சிவப்பணு அரிவாள் போல வளைகிற பரம்பரை நோய்) அதிகம் பார்க்கிறோம். இதற்கும் அயனிகளுக்கும் தொடர்பு உண்டா மேடம்?

நேரடித் தொடர்பு. இந்தியாவில் இந்த நோயை 1952இல் முதலில் பதிவு செய்ததே உங்கள் மலையில்தான். ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் கம்பி கம்பியாகத் திரண்டு சவ்வை இழுக்கிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. சாதாரணமாக உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் பத்தாயிரம் மடங்குக்கு மேல், அதனால் கொஞ்சம் திறந்தாலே போதும். அந்தக் கால்சியம் ஒரு பொட்டாசியம் வாயிலைத் திறக்கிறது (1958இல் ஹங்கேரியின் கார்டோஸ் கண்டது). பொட்டாசியம் ஓட, குளோரைடு பின்னால் ஓட, தண்ணீரும் போய் அணு வற்றிவிடுகிறது. வற்றினால் ஹீமோகுளோபின் இன்னும் நெருக்கமாகி இன்னும் வேகமாகத் திரளும். அதே கால்சியம் கொழுப்பையும் கலைக்கிறது: உள்ளே இருக்க வேண்டிய செரின் வகை வெளி அடுக்குக்கு வந்து, ரத்தம் உறைவதைத் தூண்டுகிறது, என்னைத் தின்றுவிடு என்று விழுங்கும் அணுக்களுக்கும் காட்டிக்கொடுக்கிறது. கார்டோஸ் வாயிலை அடைக்க செனிகபாக் என்று ஒரு மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். அணு உடைவது குறைந்தது, வலி வருவது மட்டும் குறையவில்லை.

கல்லூரி மாணவர்: பூந்திக்கொட்டைக் கரைசலில் ரத்தத்தைப் போட்டால் ஏன் தெளிந்துவிடுகிறது?

அதிலுள்ள சப்போனின் என்கிற நுரைக்கும் பொருள் கொலஸ்ட்ராலைப் பிடித்துச் சவ்வில் ஓட்டை போடுகிறது. அயனியும் தண்ணீரும் உள்ளே பாய்ந்து அணு வெடிக்கும். தலைக்குத் தேய்க்கலாம், ரத்தக்குழாய்க்குள் கூடாது.

கால்நடை மருத்துவ மாணவி: நாய்க்கும் இதே கணக்குதானா?

இல்லை! பெரும்பாலான நாய்களின் முதிர்ந்த சிவப்பணுவில் சோடியம்-பொட்டாசியம் பம்பே கிடையாது, உள்ளே சோடியம்தான் அதிகம். செம்மறி ஆட்டுக்கு வேறு கதை, அதன் சவ்வில் பாஸ்படிடைல்கோலின் ஏறக்குறைய இல்லவே இல்லை, ஸ்பிங்கோமயலின்தான் அந்த இடத்தை நிரப்புகிறது. அதனால் உங்கள் பரீட்சையில் சிவப்பணு என்று பொதுவாகக் கேட்டால், எந்த விலங்கின் சிவப்பணு என்று எழுதிவிட்டே பதிலை ஆரம்பியுங்கள்.