முகாம் செலவுக்குக் கனடா பணம் வாங்கலாமா?

பிரதர், மாயவரம் பக்கத்தில் மே மாதம் 3 நாள் முகாம், 60 பிள்ளைகள், பாதிப் பணம்தான் சேர்ந்திருக்கிறது, கனடா குடியுரிமை வாங்கிவிட்ட ஓர் அண்ணன் மீதியை அனுப்புகிறாராம், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சபைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லையென்றால் வெளிநாட்டுக் குடிமகனின் காணிக்கை சபைக் கணக்கில் விழவே கூடாது. துபாயில் வேலை பார்க்கிற, இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வேறு கதை.

அப்புறம், எல்லாவற்றையும் பணமாகவே ஏன் கேட்கிறீர்கள்? ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கிற மே மாதத்தில் நம் ஊரில் யார் கையிலும் காசு புழங்காது, இருப்பதும் பள்ளிக்கூட ஃபீஸுக்குப் போய்விடும். தை, மாசியில் சம்பா அறுத்த கையோடு போய்க் கேட்டால் மூட்டையாகவே தருவார்கள். எங்கள் சபையில் அரிசி, தேங்காய், விறகு எல்லாம் அப்படித்தான் வந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 600 ரூபாய்க்கு எடுத்தவர் அதைத் திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டார், இரண்டாம் முறை 750க்குப் போனது! இந்த வருடத்துக்கு, காசு கேட்காமல் ஆளுக்கொரு வேளைச் சாப்பாடு ஏற்கச் சொல்லிப் பாருங்கள்.

தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போவதாக இருந்தால், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைக் காட்டுங்கள், சரி, ஆனால் மாலை 4 மணிக்கு மேல். நாங்கள் உச்சிவெயிலில் போய் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்.